நானூறு ஸ்பீடு

1986-இல் வாணியம்பாடியில் ஃபிலிம் வாங்கப் போனால் ஸ்டுடியோக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்பீடு?" என்றுதான். நூறு ஸ்பீடு எப்போதும் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். நம் ஊட்டியிலேயே, அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ஃபிலிம் தயாரித்துவந்தது. நானூறு வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்தில் செய்த ஆர்வோ என்.பி. 27, மெட்ராஸ் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து யாராவது ரயிலேறி வரும்போது எங்கள் ஊருக்கு வரும்.

அந்த 27 ஜெர்மானியர்களின் டின் கணக்கு. அதில் எண் மூன்று கூடினால் ஃபிலிமின் ஒளியுணர்வு இரண்டு மடங்காகிறது என்று பொருள். 21 என்றால் அமெரிக்கர்களின் ஏ.எஸ்.ஏ. நூறு, 24 என்றால் இருநூறு, 27 என்றால் நானூறு. இந்த இரண்டு கணக்கையும் ஒரே அட்டைப்பெட்டியில் சேர்த்து அச்சிட வைத்ததுதான் ஐ.எஸ்.ஓ. என்கிற உலகப் பொதுத்தரம்.

"நானூறு எதுக்குத் தம்பி? ராத்திரி நாடகம் ஏதாச்சும் எடுக்கப் போறியா?" என்றார் ஸ்டுடியோ அண்ணன்.

"இல்லண்ணே, வால்நட்சத்திரம்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வருடம் ஹாலியைப் பற்றிப் பேசாதவர் எங்கள் ஊரில் இல்லை. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் என் பேரை எழுதி, பக்கத்தில் '400' என்று குறித்து, அடியில் கோடு போட்டார்.

அன்று எங்கள் தலைக்கு மேல் முழு வானமும் இருந்தது, கையில் எண் இல்லை. இன்று என் அக்கா மகனின் காமிராவில் எண் லட்சத்தைத் தாண்டிப் போகிறது, தலைக்கு மேல் வானம் பாதிதான் மிச்சம். அந்த லட்சம் வரை போகும் காமிராவில் வானத்துக்கு நல்ல எண் எது என்று பொறுமையாகத் தேடிப் பார்த்தால், கை போய் நிற்கும் இடம் சில நூறுகள், மிஞ்சினால் ஆயிரத்து அறுநூறு. ரசீதுப் புத்தகத்தில் கோடு போட்ட அந்த எண்ணிலிருந்து இரண்டு படி தூரம்தான்.

1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி, எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். ஜவ்வாது மலையின் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர். 1968-இல் கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. காவலூர் 12.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே நின்றால் வட வானம் பெரும்பாலும் தெரியும், ஐரோப்பியர் பெரும்பாலும் காண முடியாத தென்வானமும் தெரியும். அகத்தியர் நட்சத்திரம், தெற்குச் சிலுவை, ஒமேகா சென்டாரி என்கிற மாபெரும் நட்சத்திரக் கொத்து எல்லாம் வெறும் கண்ணுக்கு அகப்படும்.

ஹாலி அந்தத் தெற்கு வழியாகத்தான் வந்தது. பிப்ரவரி 9-இல் சூரியனைச் சுற்றித் திரும்பி, ஏப்ரல் 11-இல் பூமிக்கு மிக அருகே, சுமார் 6.3 கோடி கிலோமீட்டரில் கடந்தது. அந்த வாரம் லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே. எங்களுக்கோ ஆலங்காயம் தாண்டி மலையேறினால் தெற்கே கிட்டத்தட்ட முப்பது டிகிரி உயரத்தில். உலகத்தில் யாரிடம் எவ்வளவு உயர்ந்த ஃபிலிம் இருந்தாலும், இந்த இடம் எங்களுக்குத்தான் வாய்த்தது என்ற பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை.

அன்றைய ஜவ்வாது மலை இருட்டை அனுபவிக்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பின்னிரவில் விருச்சிகம் எழுந்து நின்றால் கேட்டை நட்சத்திரத்தின் செம்மை தெளிவாகத் தெரியும். அதன் வாலில் மூலம். அதற்கும் கிழக்கே பால்வீதி அகன்று, நடுவில் கரும்பிளவு பிளந்து, முகில்போலத் திரண்டு நிற்கும். மேகம் வந்தால் வானத்தில் கறுப்பு ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். கீழிருந்து எந்த வெளிச்சமும் வராத இடத்தில் மேகம் அப்படித்தான் இருக்கும். இப்போது எங்கள் பக்கத்தில் மேகம் வந்தால் வெள்ளையாகத் தெரிகிறது. வானத்தின் தரத்தை அறிய இதைவிட எளிய சோதனை வேறில்லை.

என்னிடம் இருந்தது ரஷ்ய ஜெனித் காமிரா. ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 2 வரை திறக்கும். ஷட்டரை 'பி'யில் வைத்து, கேபிளை அழுத்தித் திருகிப் பூட்டிவிட்டால், வேண்டிய மட்டும் திறந்தே இருக்கும். ஆனால் வானம் நிற்காது. 23 மணி 56 நிமிடத்தில் அது ஒரு முழுச் சுற்று. ஒரு வினாடிக்கு 15 ஆர்க்-செகண்ட் என்று வருகிறது. முப்பது வினாடி திறந்துவைத்தால், 58 மி.மீ. லென்ஸில், வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் ஃபிலிமில் 0.13 மி.மீ. நீளத்துக்குக் கோடிழுத்திருக்கும். பிரிண்ட் போட்டால் அது புள்ளி இல்லை, சின்ன ஊசி. கோடு விழாமல் எடுக்க வேண்டுமென்றால் எட்டு ஒன்பது வினாடிக்குள் முடிக்க வேண்டும். நூறு ஸ்பீடு ஃபிலிமில் எட்டு வினாடிக்கு என்ன பதியும்? பிரகாசமான நட்சத்திரங்கள் பதியும். பால்வீதி பதியாது. நானூறுக்கு நாங்கள் ஏங்கியதன் காரணம் முழுக்க இந்தக் கணக்குக்குள் இருந்தது.

எண்ணைக் கூட்ட முடியாதபோது நேரத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. அதற்கு இரண்டு பலகையும் ஒரு கீலும் போதும். கீலின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி, கீலிலிருந்து 229 மி.மீ. தள்ளி ஒரு 6 மி.மீ. போல்ட்டைப் பொருத்த வேண்டும். அந்தப் போல்ட்டின் புரி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தபடி நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் திருப்பினால், மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறந்துகொண்டு போகும். 229 என்பது யாரோ தோராயமாகச் சொன்ன எண் அல்ல. ஒரு நிமிடத்தில் வானம் திரும்பும் கோணத்தையும் புரியின் ஒரு மில்லிமீட்டரையும் வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் ஊர்த் தச்சர் அந்த அளவை இஞ்சுக்கு மாற்றி, சரியாக ஒன்பது இஞ்ச் வருகிறதே என்று வியந்தார். கீல் துளியும் ஆடக்கூடாது என்று நான் சொல்வதற்கு முன் அவரே பித்தளையில் தேர்ந்தெடுத்தார்.

சிக்கல் துருவ நட்சத்திரத்திடம்தான். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும். எங்கள் மலையில் அது வெறும் 12.5 டிகிரி. வடக்கே ஒரு குன்றோ நாலு மரமோ இருந்தால் மறைந்துவிடும். வெளிநாட்டுப் புத்தகங்கள் 'துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்ப்படுத்துக' என்று ஒரே வரியில் முடித்துவிடும் காரியத்துக்கு, நாங்கள் வடக்குப் பக்கம் திறந்த சரிவைத் தேடி மலை முழுக்க நடக்க வேண்டியிருந்தது.

நேரத்தைக் கூட்டினாலும் ஃபிலிம் அதற்குரிய கூலியைக் கொடுக்காது. இதை அளந்து ஒரு விதியாகச் சொன்னவர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட். பின்னாளில் கருந்துளைக் கணக்கால் பெயர் பெற்ற அதே மனிதர். வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் இருந்தபோது நட்சத்திர ஒளியைப் படத்தட்டுகளில் அளந்து, மங்கலான ஒளியை நீண்ட நேரம் காட்டினால் தட்டு சோர்ந்துபோகிறது என்பதை 1900-இல் எழுதினார். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒன்றுக்குக் குறைவான ஓர் அடுக்குக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. அந்த அடுக்கை 0.8 என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடம் திறந்த ஃபிலிம் மூன்று நிமிடம்கூடத் திறக்காத ஃபிலிமைப் போலத்தான் நடந்துகொள்ளும். பகலில் நானூறாக இருக்கும் ஃபிலிம், நடுராத்திரி மலையில் நூற்றைம்பதைக்கூடத் தாண்டுவதில்லை. அட்டைப்பெட்டியில் இதை யாரும் அச்சிடுவதில்லை.

மலையிலிருந்து இறங்கினால் அடுத்த போராட்டம் இருட்டறையில். நானூறை ஆயிரத்து அறுநூறாக 'புஷ்' செய்வது என்று ஒன்று உண்டு. டி-76 டெவலப்பரில் ஃபிலிமை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருப்பது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். ஏப்ரல் மாத வாணியம்பாடிக் குழாய்த் தண்ணீர் முப்பதைத் தொடும். அதனால் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து சாக்கில் சுற்றிய கட்டியை வாங்கிவந்து, பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, நடுவில் டெவலப்பர் பாத்திரத்தை இறக்கி, தெர்மாமீட்டரை வைத்துக் காத்திருப்போம். ஸ்டுடியோ அண்ணன் பொறுமைசாலி. கல்யாண சீசனில்கூட இரவு பத்து மணிக்கு மேல் இருட்டறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அங்கே அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் முப்பது சொச்சம் வருடம் கழித்து டிஜிட்டல் காமிராவுக்கும் பொருத்திப் பார்க்கிறேன். ஈரமான நெகட்டிவைத் தூக்கி விளக்கில் காட்டியபடி, "தம்பி, நட்சத்திரம் நல்லா ஏறிடுச்சு பாரு. ஆனா ஃபிலிம்ல வெளிச்சமே விழாத இடத்துல எவ்வளவு நேரம் போட்டாலும் ஒண்ணும் வராது. இருக்கறதத்தான் ஏத்த முடியும்" என்றார். புஷ் செய்தால் பிரகாசமான இடம் மேலும் பிரகாசமாகும், கிரெயின் பெருக்கும், இருட்டுப் பகுதி இருட்டாகவே கிடக்கும். ஃபிலிமின் உண்மையான உணர்வு அது தயாரான அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் விழுந்த ஒளியைப் பெரிதாக்கிக் காட்டுவதே.

ஃபிலிமின் உணர்வையே உண்மையாகக் கூட்டும் வித்தை ஒன்று விஞ்ஞானிகளிடம் இருந்தது. படத்தட்டை நைட்ரஜனில் சூடாக்குவார்கள், ஹைட்ரஜனில் ஊறவைப்பார்கள். நீண்ட எக்ஸ்போஷரில் தட்டு சோர்வதை அது பெருமளவு தடுத்தது. கோடாக் நிறுவனம் வானியலுக்கென்றே தனி வகைத் தட்டுகளைச் செய்து கொடுத்தது. 1988 பிப்ரவரியில் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களிலிருந்துதான் வானியலாளர் ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். எங்கள் மலையின் இருட்டிலிருந்து பிடித்த கோள் அது என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் பெரிய ஆய்வகங்களில் ஃபிலிமின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் வரைந்த சி.சி.டி. என்கிற ஒளி பிடிக்கும் சில்லுதான் காரணம். நூறு ஒளித்துகள் விழுந்தால் ஃபிலிம் ஒன்றையோ இரண்டையோதான் பிடிக்கும், சி.சி.டி. பாதிக்கு மேல் பிடித்துவிடும். நேரம் கூடினாலும் சோர்வதில்லை, பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடக் கூலி. வானியலில் நடந்த உண்மையான புரட்சி இதுதான். அந்த இருவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஷ்வார்ஸ்ஷில்டின் விதியோடு மல்லுக்கட்டிய ஒவ்வொருவர் சார்பிலும் நான் மகிழ்ந்தேன்.

கடைகளில் அந்தப் புரட்சி எண்களின் ஓட்டப்பந்தயமாகவே வந்துசேர்ந்தது. 2007-இல் நிக்கான் டி3 ஐ.எஸ்.ஓ. 25,600 வரை போனது. 2009-இல் அதன் தம்பி டி3எஸ் 1,02,400-ஐத் தொட்டது. 2014-இல் சோனி ஏ7எஸ் நாலு லட்சத்தைத் தாண்டியது. 2016-இல் நிக்கான் டி5-இல் அச்சிட்டிருந்த எண் 32 லட்சத்து 80 ஆயிரம். நானூறுக்காகச் சொல்லிவைத்துக் காத்திருந்த எனக்கு இந்த எண்களைப் பார்த்தபோது தலை சுற்றியது. இனி வானத்தில் மிச்சம் வைக்க எதுவும் இல்லை என்றே தோன்றியது.

பிறகு அக்கா மகன் காமிரா வாங்கினான். சோனி ஏ7 மூன்றாம் வகை, கூடவே 20 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். மார்ச் மாத அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கிளம்பினோம். ஸ்டாண்டை ஊன்றியதுமே அவன் கேட்டான்: "மாமா, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வைக்கட்டும்? பன்னெண்டாயிரம் வைக்கலாமா? ஸ்க்ரீன்ல சூப்பரா தெரியுது."

"வைக்காதடா. ஆயிரத்து அறுநூறு வை, போதும். முதல்ல லென்ஸை முழுசாத் திற. அப்புறம் பதினஞ்சு வினாடி."

அவன் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயம் இருந்தது, ஏனென்றால் காமிராவின் திரை அவன் பக்கம்தான் பேசியது. அங்கே பன்னிரண்டாயிரத்தில் பால்வீதி பளிச்சென்று தெரிந்தது, ஆயிரத்து அறுநூறில் மங்கலாக இருந்தது. அன்றிரவு அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றினால் சென்சரின் உணர்வு மாறுவதில்லை. சென்சர் பிடிக்கும் ஒளியை முடிவு செய்வது மூன்றே விஷயங்கள்: லென்ஸின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, வானம் எவ்வளவு தருகிறது. ஐ.எஸ்.ஓ. என்பது பிடித்து முடித்த பிறகு அந்த மின்குறியை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்கிற கட்டளை. திருவிழா மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைக் கூட்டினால் பாடுகிறவர் குரல் வளம் கூடாது, அவர் மூச்சிரைப்பும் சேர்ந்தே பெருகும். ஆனால் ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு வரும் ஒயரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் இருந்தால், குரலை முன்கூட்டியே பெரிதாக்கி அனுப்புவது நல்லது, உறுமல் அமுங்கிப்போகும். காமிராவிலும் அதே கதை. பெருக்கத்துக்குப் பிறகு, குறியை எண்ணாக மாற்றும் இடத்தில் சேரும் நாய்ஸை அமுக்கும் அளவுக்கு ஐ.எஸ்.ஓ. வேண்டும். அதற்கு மேல் ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை.

அந்த அளவு காமிராவுக்குக் காமிரா மாறும். இவனுடையதில் 640-இல் ஒரு படி இருக்கிறது. அங்கே சென்சருக்குள்ளேயே பெருக்கும் சுற்று மாறி, நாய்ஸ் சட்டென்று இறங்குகிறது. 640-இல் எடுத்த ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் பத்து மடங்கு பிரகாசமாக்கினால், அதே நேரத்துக்கு 6400-இல் எடுத்ததற்கும் அதற்கும் இருட்டுப் பகுதியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரகாசமான பகுதியில்தான் நஷ்டம். 6400-இல் மேல்வரம்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். கேட்டையின் செம்மை, திருவாதிரையின் ஆரஞ்சு, மகத்தின் நீலவெண்மை எல்லாம் வரம்பில் முட்டி ஒரே வெள்ளைப் புள்ளியாகிவிடும். வெறும் கண்ணால் நான் அன்று கண்ட நிறத்தை அத்தனை விலை கொடுத்து வாங்கிய காமிராவில் அழித்துவிடுவதற்கு மனம் ஒப்பவில்லை. 640 போதும் என்றிருக்க, நான் 1600 சொன்னதற்குக் காரணம், திரையில் ஃபோகஸும் சட்டமும் சரிபார்க்கும் அளவுக்காவது படம் தெரிய வேண்டும் என்பதே.

பிறகு எண்ணிக்கை. பதினாறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று நேர்ப்படுத்திச் சராசரி எடுத்தால் நாய்ஸ் நாலில் ஒன்றாகிவிடும். எந்த ஐ.எஸ்.ஓ. எண்ணும் தராத லாபம் இது. வெப்பமும் கணக்கில் வரும். சென்சர் சூடு ஏற ஏற, ஒளியே இல்லாமலும் எலக்ட்ரான்கள் கசியும். ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒருமுறை அந்தக் கசிவு இரட்டிப்பாகும். நம் கோடை இரவுகளில் இது சின்ன விஷயமில்லை. லென்ஸை மூடிவைத்து, அதே நேரத்துக்கு, அதே எண்ணில் சில இருட்டுப் படங்கள் எடுத்துக் கழித்துவிட வேண்டும். ஐஸ் கட்டியும் தெர்மாமீட்டருமாக நின்ற என்னை, வெப்பம் இந்தக் காலத்திலும் விடவில்லை.

ஃபிலிமிலிருந்து இங்கே வந்துசேர்ந்ததில் மொத்த லாபம் எவ்வளவு என்று அளக்க ஒரு கோல் வேண்டும். போக்சன் என்கிற ஆங்கிலேயர் 1861-இல் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் முப்பது வருடம் வானத்தைப் பார்த்தார், 1891-இல் அங்கேயே இறந்தார். நட்சத்திரப் பிரகாசத்தை இன்றும் உலகம் அளப்பது, வருவதற்கு முன்பே 1856-இல் அவர் வகுத்த கணக்கில்தான். ஐந்து மேக்னிடியூட் என்றால் நூறு மடங்கு, ஒன்று என்றால் 2.512 மடங்கு. நூறில் ஒன்றைப் பிடித்த ஃபிலிமிலிருந்து ஐம்பதைப் பிடிக்கும் சென்சருக்கு வந்ததில் நமக்குக் கிடைத்தது, இந்தக் கணக்கில், நாலு மேக்னிடியூடுக்குச் சற்று மேல்.

இப்போது செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். 2011 முதல் 2022 வரை சாதாரண மக்கள் தங்கள் ஊர் வானத்தில் கண்ணுக்குத் தெரிந்த நட்சத்திரங்களைக் குறித்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கிறிஸ்டோபர் கிபா குழுவினர் அலசி, 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. இரவு வானம் வருடத்துக்கு 9.6 சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே போவதாக அவர்கள் கண்டார்கள். எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை பதினெட்டு வயதில் நூறைத்தான் காணும் என்றார்கள். அந்த வேகத்தில் இருபது வருடம் போனால் வானம் ஆறு மடங்கு வெளுக்கும். போக்சன் கணக்கில் இரண்டு மேக்னிடியூட். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வகங்களும் தொழிற்சாலைகளும் அரை நூற்றாண்டு உழைத்துச் சேர்த்ததைத் தெருவிளக்குகள் எந்த வேகத்தில் தின்கின்றன என்பது இதிலேயே விளங்கும்.

எங்கள் பக்கத்தில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலை அகன்றது. வாணியம்பாடியும் ஆம்பூரும் அதன் இருபுறமும் நீண்டன. மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. சோடியத்தின் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரைச் சுற்றியே இருக்கும், ஒரு ஃபில்டரால் ஓரளவு வடிகட்டிவிடலாம். எல்.இ.டி.யின் வெண்மை நீலத்திலிருந்து சிவப்பு வரை பரந்து கிடக்கிறது. அதை வடிகட்டினால் நட்சத்திரத்தையும் சேர்த்தே வடிகட்ட வேண்டும். நீலம் காற்றில் அதிகம் சிதறும் என்பதால் வானம் இன்னும் அதிகமாக வெளுக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்கு அது. அதன் மேல்பக்கம் ஒரு மூடி இருந்திருந்தால் மின்சாரமும் மிஞ்சியிருக்கும், வானமும் மிஞ்சியிருக்கும்.

ஐ.எஸ்.ஓ. தேர்வில் இது நேராக வந்து இடிக்கிறது. ஊருக்கு அருகே எஃப் 1.8-இல் பதினைந்து வினாடி திறந்தால், 640-லேயே, காமிரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு நடுவுக்கு வந்துவிடும். வானத்தின் வெளிச்சம் தரும் நாய்ஸ் காமிராவின் நாய்ஸை முழுங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அங்கே எண்ணை ஏற்றுவது சுத்த வீண். எண்ணுக்கு ஏதாவது வேலை இருப்பது இருட்டு வானத்தில் மட்டும்தான். இருட்டு அதிகமாக அதிகமாகக் காமிராவின் சொந்த நாய்ஸ் கண்ணுக்குத் தெரியும், அதை அமுக்க 800, 1600 தேவைப்படும். நாங்கள் இருட்டில் நின்று எண்ணுக்கு ஏங்கினோம், எங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்று எண் கொட்டிக்கிடக்கும் பெரும்பாலான ஊர்களில் அதற்கு வேலையே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், வானாய்வகத்தைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்து 2022-இல் நாட்டின் முதல் இருள்வானக் காப்பகத்தை அறிவித்தார்கள். அங்கே வீடுகளில் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், விளக்குக்கு மூடி போடுகிறார்கள். உள்ளூர் இளைஞர்களே தொலைநோக்கி வைத்து விருந்தினருக்கு வானம் காட்டுகிறார்கள். இருட்டு அவர்களுக்குப் பிழைப்பாகவும் ஆகியிருக்கிறது. ஹான்லேயில் முடிகிறதென்றால், 1968 முதல் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையில் ஏன் முடியாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போன அன்றிரவு நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் விருந்தினருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாசலில் பெரிய எல்.இ.டி. போட்டிருந்தார். லென்ஸுக்குள் பக்கவாட்டில் அடித்து, எடுத்த படமெல்லாம் ஓரத்தில் வெளிறியது. "அண்ணே, இதுக்கு மேல ஒரு மூடி போட்டுக் கீழ மட்டும் விழற மாதிரி செஞ்சுடலாமா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன, வாசல் தெரிஞ்சா போதுமே" என்றார். மறுநாள் ஆலங்காயத்தில் தகரம் வெட்டி வளைத்து அக்கா மகனும் நானும் பொருத்திக் கொடுத்தோம். திருப்பத்தூர் வெளிச்சமும் வாணியம்பாடி வெளிச்சமும் அதனால் குறைந்துவிடவில்லை. அவர் முற்றத்தில் மட்டும் நிழல் விழுந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் தெற்கே பார்த்து, 1600-இல், பதினைந்து வினாடி வீதம் பதினாறு படம் எடுத்தோம்.

அவன் இப்போது ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்று கேட்பதில்லை. அமாவாசைக்கு முந்தைய வாரம் ஃபோன் செய்து, "மாமா, தகரம் எத்தனை வெட்டட்டும்?" என்று கேட்கிறான்.